பிராண்ட் கடையில் வாங்கியது யாருக்கெல்லாம் தெரியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரிலும் மும்பையிலும் வெளிநாட்டு பிராண்ட் கைப்பை விற்கும் கடைகளில் ஏழு வருடம் விற்பனைப் பிரிவில் இருந்தேன். இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனாலும் உறவுக்காரர்கள், அவர்களின் தோழிகள், தோழிகளின் அக்காமார் என்று யாராவது போன் செய்து சந்தேகம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பை நல்லதா, விலை நியாயமா என்று கேட்பவர்கள் குறைவு. "வாங்கினது யாருக்கும் தெரியாம இருக்குமா?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். இனி போனில் கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாம்.

கடைக்குள் போன உடனே பெயர், போன் நம்பர் கேட்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். "இப்போதைக்கு வேண்டாம், பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சிரித்தபடி சொல்லிவிடுங்கள். உங்களைக் கவனிப்பவர் முகம் சுளிக்க மாட்டார். அதற்கும் அவருக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள்.

பில் போடும்போதும் இதே பதில்தான். போன் நம்பர் தராவிட்டால் பொருளைக் கொடுக்க மாட்டோம் என்று கடைக்காரர்கள் வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் எல்லா வகைக் கடைகளுக்கும் அறிவுறுத்தியது. மளிகைக் கடைக்கு எது பொருந்துமோ அது பளிங்குத் தரை போட்ட கடைக்கும் பொருந்தும். நம்பர் இல்லாமல் பில் போட முடியாது என்று சொன்னால், மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எந்தக் கம்ப்யூட்டரும் நம்பர் கேட்டதில்லை.

அவர்கள் ஏன் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்கள் தெரியுமா? இந்த மாதம் எத்தனை புது கஸ்டமரைப் பதிவு செய்தீர்கள் என்று ஊழியருக்கு ஒரு இலக்கு உண்டு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்படி என்னதான் எழுதி வைக்கிறார்கள்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

முன்பெல்லாம் ஒவ்வொரு ஊழியரிடமும் ஒரு கறுப்பு நோட்டு இருக்கும். யார், எப்போது வந்தார், என்ன வாங்கினார், அடுத்து எதில் கண் வைத்திருக்கிறார் என்று அதில் எழுதுவோம். மூத்தவர்கள் அதை வீட்டுக்கே எடுத்துப் போவார்கள், மளிகைக் கடை அண்ணாச்சியின் கடன் நோட்டு மாதிரி. இப்போது அந்த நோட்டு டேப்லெட்டுக்குள் போய்விட்டது. இதற்குத் தொழிலில் கிளையன்டெலிங் என்று பெயர்.

பெயர், நம்பர், முகவரி, பிறந்தநாள், திருமண நாள் ஆகியவை மேலோட்டமானவை. அதற்குக் கீழே குறிப்பு என்று ஒரு காலி இடம் இருக்கும். அங்கேதான் விஷயமே இருக்கிறது. கால் அளவு, இடுப்பு அளவு. தங்கநிறக் கொக்கி பிடிக்காது, வெள்ளிநிறம்தான் வேண்டும். மகளுக்குத் தையில் கல்யாணம். கணவருடன் வந்தால் வாங்க மாட்டார், தனியாக வந்தால் வாங்குவார். இந்தக் கடைசி வரியை நானே ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அதை எழுதச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அடுத்த முறை அவரை நன்றாகக் கவனிக்கலாம் என்று நினைத்துத்தான் எழுதினேன். பெரும்பாலான குறிப்புகள் அப்படித்தான் சேர்கின்றன. நீங்கள் பேச்சுவாக்கில் சொன்னது, நீங்கள் போன பிறகு எழுத்தாகிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு எண் இருக்கும்: இதுவரை அந்த பிராண்டில் நீங்கள் செலவழித்த மொத்தத் தொகை. உங்களுக்குத் தண்ணீர் வருமா, ஷாம்பெய்ன் வருமா என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது.

எதுவுமே வாங்காமல் வந்தால்கூட எழுதுவார்களா?

நம்பர் கொடுத்திருந்தால், ஆமாம். தொட்டுப் பார்த்தது, விலை கேட்டது, தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தது எல்லாம் ஆசைப் பட்டியலில் ஏறிவிடும். ஆறு மாதம் கழித்து "மேடம், நீங்க பார்த்த அந்தப் பழுப்பு நிறம் வந்திருக்கு" என்று செய்தி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பெங்களூரில் உள்ள கடையில் சொன்னது துபாய்க் கடைக்குத் தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். பெரிய பிராண்ட்கள் உலகம் முழுக்க ஒரே கஸ்டமர் பதிவைத்தான் வைத்திருக்க விரும்புகின்றன. சிங்கப்பூரில் நம்பரைச் சொன்னதும் "உங்களுக்கு 37 அளவு செருப்புதானே?" என்று கேட்டால் அது மந்திரம் இல்லை.

வீட்டுக்குத் தெரியாமல் வாங்க வேண்டும். எங்கெல்லாம் மாட்டிக்கொள்வேன்?

இந்தக் கேள்வியைக் கேட்டதும் கள்ளத் தொடர்பு என்று கற்பனை போய்விடும். நான் பார்த்தவரை அது சின்னப் பங்கு. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிவிட்டு வீட்டில் விலையைக் குறைத்துச் சொல்லும் பெண்கள்தான் அதிகம்.

கோயம்புத்தூர்ப் பக்கத்து மருத்துவர் ஒருவர் வருடத்துக்கு ஒரு பை வாங்குவார். வீட்டில் எட்டாயிரம் ரூபாய் என்று சொல்லி வைத்திருந்தார். ஒரு பிறந்தநாளுக்கு, நான் வேலை பார்த்த கடையிலிருந்து பூங்கொத்தும் கேக்கும் அவர் வீட்டுக்குப் போயின. கூடவே கையால் எழுதிய வாழ்த்து அட்டை: "உங்கள் புதிய பை உங்களுக்கு மகிழ்ச்சி தரட்டும்" என்று, பையின் மாடல் பெயரோடு. அட்டையைப் பிரித்தவர் மாமியார். அவருக்கு கூகுளில் தேடத் தெரியும். அப்புறம் நடந்ததை மருத்துவர் எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதன்பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவில்லை.

இன்னொன்று போன் நம்பர். நம் குடும்பங்களில் எல்லாவற்றுக்கும் அப்பா நம்பரைக் கொடுப்பது பழக்கம். ஒரே நம்பர் என்றால் கடைக் கணக்கில் அது ஒரே ஆள். ஒரு பெண் தன் கைப்பையைப் பழுது பார்க்கக் கொடுக்க வந்தாள். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "போன மாசம் வாங்கின மோதிரம் அம்மாவுக்குச் சரியா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டார். அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணத்தில் கொடுக்க அப்பா ரகசியமாக வாங்கி வைத்திருந்த மோதிரம் அது. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்தப் பெண் வாயைத் திறக்காமல் காப்பாற்றினாள் என்று கேள்வி.

அதனால் செய்ய வேண்டியவை இவைதான். பரிசு என்றால் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். "இந்த நம்பருக்கு போனும் மெசேஜும் வேண்டாம், வீட்டுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்" என்று சொல்வதோடு நிறுத்தாமல், அதைக் குறிப்பில் எழுதச் சொல்லி, எழுதியதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். உங்களைக் கவனித்தவர் மறக்க மாட்டார். ஆனால் பிறந்தநாள் பூங்கொத்தை அனுப்புவது வேறொருவர். அவருக்கு அந்தக் குறிப்பு மட்டும்தான் தெரியும். முகவரி கேட்டால் அலுவலக முகவரி கொடுக்கலாம். விலை இல்லாத பரிசு ரசீது கேட்டால் அநேகமாக எல்லாக் கடையிலும் தருவார்கள்.

கடை ஒழுங்காக இருந்தாலும் வங்கியின் குறுஞ்செய்தி காட்டிக் கொடுக்கும். கூட்டுக் கணக்கு, கணவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டின் கூடுதல் கார்டு இரண்டிலும் செய்தி அடுத்தவர் போனுக்கும் போகலாம். அதற்குக் கடை ஒன்றும் செய்ய முடியாது.

பான் கார்டு ஏன் கேட்கிறார்கள்? கொடுக்காமல் தப்பிக்க வழி உண்டா?

இங்கே கடைக்காரரிடம் கோபப்பட வேண்டாம். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் பொருளோ சேவையோ வாங்கினால் பான் எண் கொடுக்க வேண்டும் என்ற விதி 2016 ஜனவரி 1 முதல் வந்தது. கார்டில் கொடுத்தாலும் சரி, வங்கியில் மாற்றினாலும் சரி, விதி ஒன்றுதான். பான் இல்லாதவர்கள் அதற்கான படிவத்தை நிரப்ப வேண்டும்.

"ரொக்கமாகக் கொடுத்துவிட்டால்?" என்று அடுத்த கேள்வி வரும். 2017 ஏப்ரல் 1 முதல் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கிய கடைக்கு. அதனால் எந்த பிராண்ட் கடையும் இதற்கு ஒத்துக்கொள்ளாது. பில்லை இரண்டாக, மூன்றாகப் பிரித்தாலும் உதவாது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் வந்த மொத்தம், ஒரே பரிவர்த்தனைக்கான மொத்தம், ஒரே நிகழ்ச்சிக்கான மொத்தம் என மூன்று வகையிலும் கூட்டிப் பார்க்கும்படிதான் சட்டத்தை எழுதியிருக்கிறார்கள்.

2025 ஏப்ரல் 22 முதல் இன்னொன்றும் சேர்ந்தது. கைப்பை, கைக்கடிகாரம், குளிர்க்கண்ணாடி, காலணி போன்ற சில ஆடம்பரப் பொருட்களின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் கடையே 1 சதவீதம் வரி பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டும். இதுதான் டிசிஎஸ். 12 லட்ச ரூபாய்ப் பைக்கு 12,000 ரூபாய். அந்தப் பணம் எங்கும் போகாது, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வரிக் கணக்கு எழுதும் ஆடிட்டர் உங்கள் வரிப் பதிவைத் திறந்தால் அந்த வரி கண்ணுக்கு முன்னால் இருக்கும். குடும்பம் முழுக்க ஒரே ஆடிட்டர் என்றால் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டு பில் வருடத்தில் 10 லட்சத்தைத் தொட்டால் வங்கியும் வரித் துறைக்குத் தகவல் தரும்.

சுருக்கமாகச் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கலாம். வருமான வரித் துறைக்குத் தெரியாமல் வாங்க யாராவது வழி சொன்னால், அது ரகசியம் காக்கும் யோசனை இல்லை, வேறு விஷயம். அதற்கு நான் ஆளில்லை.

ஆதார் நகலும் கேட்டார்களே?

2 லட்ச ரூபாய் விதிக்குத் தேவை பான் எண். அதற்கு ஆதார் நகல் தேவையில்லை. வேறு காரணத்துக்கு அடையாளச் சான்று வேண்டும் என்றால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டலாம். ஆதார்தான் கையில் இருக்கிறது என்றால் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைத் தரவிறக்கிக் கொடுங்கள். பான் நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே தேதியையும் எதற்காகக் கொடுத்தது என்பதையும் எழுதுங்கள். "ஒரு போட்டோ எடுத்துக்கிறேன் மேடம்" என்று ஊழியர் தன் சொந்தப் போனை நீட்டினால் மட்டும் மறுத்துவிடுங்கள். கடையின் கருவியில் எடுக்கட்டும், இல்லையென்றால் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும்.

ஊழியர் வாட்ஸப்பில் நன்றாகப் பேசுகிறார். அதில் என்ன பிரச்சினை?

பிரச்சினை அவர் நல்லவரா என்பதில் இல்லை. நீங்கள் பேசுவது எந்த போனில் என்பதில் இருக்கிறது.

சில கடைகள் வேலைக்கென்று தனிப் போன் கொடுக்கும். கொடுக்காத கடைகளில் எல்லாமே ஊழியரின் சொந்த நம்பரில் ஓடும். நீங்கள் அனுப்பிய கால் படம், பட்டுப் புடவையோடு பை பொருந்துகிறதா என்று கண்ணாடி முன் எடுத்த படம், வீட்டு இருப்பிடம், வங்கிப் பரிமாற்றத்தின் ஸ்கிரீன்ஷாட் என அத்தனையும் அவர் போனில், அவர் குடும்பப் படங்களோடு கலந்து கிடக்கும். அவர் போனை மாற்றினால் அதிலும் போகும். அவர் எதிர்க் கடைக்கு வேலை மாறினால் உங்கள் நம்பரும் கூடவே மாறும். இந்தத் தொழிலில் ஒருவரை வேலைக்கு எடுக்கும்போதே "உங்க கஸ்டமர் எத்தனை பேர் உங்க கூட வருவாங்க?" என்று கேட்பது சாதாரணம். என்னையும் கேட்டார்கள். ஒரு எண் சொன்னேன். அந்த எண்ணுக்குள் இருந்தவர்களை நான் கேட்டுச் சொல்லவில்லை.

அதனால் பேசுங்கள், ஆனால் கடையின் அதிகாரபூர்வ நம்பரில் பேசுங்கள். உங்கள் படத்தை அனுப்புவதானால் முகம் இல்லாமல் அனுப்புங்கள். வீட்டு இருப்பிடத்தை அனுப்ப வேண்டாம்.

தனி அறை கேட்டால் கிடைக்குமா? அதற்கு எவ்வளவு வாங்க வேண்டும்?

முன்கூட்டியே நேரம் கேட்டால் பல கடைகளில் முதல் முறையே கிடைக்கும். வார நாளில், கடை திறந்த முதல் ஒரு மணி நேரத்தைக் கேளுங்கள். அந்த நேரத்தில் கடை காலியாக இருக்கும்; பெரிய செலவாளிகள் யாரும் அப்போது வருவதில்லை. சனிக்கிழமை மாலை கேட்டால், உங்கள் மொத்தத் தொகையைத் திரையில் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும்.

தனிமையை விற்பது இந்தத் தொழிலில் பழைய விஷயம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ரோடியோ டிரைவில் பிஜான் என்ற ஆண்கள் ஆடைக் கடை, முன்பதிவு இல்லாமல் உள்ளே வர முடியாது என்பதையே தன் விளம்பரமாக்கிக்கொண்டது. ஷனெல் தன் மிக முக்கியமான வாடிக்கையாளர்களுக்கென்றே தனிக் கடைகளை ஆசியாவில் திறக்கப் போவதாக 2022ல் அறிவித்தது. கூட்டத்திலிருந்து ஒதுங்க வசதி செய்து தருகிறார்கள், நல்லதுதான். ஆனால் தனி அறையில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் பேசுவீர்கள். பேசியதெல்லாம் குறிப்பாகும். வெளியே நின்று பத்து நிமிடத்தில் வாங்கிப் போகிறவரைப் பற்றி எழுத எங்களிடம் ஒன்றும் இருக்காது.

டிரையல் ரூமில் கேமரா இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

கடைத் தளத்தில் கேமரா நிச்சயம் இருக்கும். உடை மாற்றும் அறைக்குள் இருக்கக் கூடாது, உள்ளே எட்டிப் பார்க்கும் கோணத்திலும் இருக்கக் கூடாது. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவுப்படி, ஒரு பெண்ணை அந்தரங்கமான நேரத்தில் ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் குற்றம். முதல் முறைக்கே ஒரு வருடம் முதல் மூன்று வருடம் வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும்.

2015 ஏப்ரலில், அப்போது மத்திய அமைச்சராக இருந்த ஸ்மிருதி இரானி கோவாவில் ஒரு துணிக்கடையின் உடை மாற்றும் அறையை நோக்கி கேமரா இருந்ததாகச் சொன்னதும் நாடே பேசியது. கண்டுபிடித்தது அறைக்குள் இல்லை, வெளியே மேலே. நீங்களும் உள்ளே போய்க் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பதைவிட, வெளியே நின்று கூரையில் உள்ள கேமராக்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பாருங்கள். கதவுக்கு மேலே இடைவெளி இருந்தால் வேறு அறை கேளுங்கள்.

கேமராவுக்குக் கடை ஊழியர்களும் தப்புவதில்லை. பாரிஸின் புகழ்பெற்ற சமரிட்டேன் அங்காடி, சரக்கு வைக்கும் அறைகளில் புகை உணர்கருவி வடிவத்தில் கேமராக்களை ஒளித்து வைத்திருந்தது. அவை ஒலியையும் பதிவு செய்யக்கூடியவை. ஊழியர்களே அதைக் கண்டுபிடித்தார்கள். பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 செப்டம்பரில் 1 லட்சம் யூரோ அபராதம் போட்டது.

கடைக்குள் ஒரு நடிகையைப் பார்த்தேன். படம் எடுக்கலாமா?

வேண்டாமே. காவலாளி வந்து அழிக்கச் சொல்வார், இருவருக்கும் சங்கடம். அடுத்த முறை உங்களையும் யாராவது எடுக்கலாம்.

கையில் அந்தப் பெரிய பிராண்ட் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்று நினைக்கிறேன். சாதாரணப் பை தருவார்களா?

கேட்டால் தருவார்கள். சில இணையக் கடைகளில் பெயர் போடாத அட்டைப் பெட்டியில் அனுப்பும் வசதி பல வருடமாகவே இருக்கிறது. 2008 பொருளாதாரச் சரிவுக் காலத்தில் அமெரிக்காவில் பணக்காரர்களே பெயர் போடாத பை கேட்டு வாங்கிப் போனதாகச் செய்திகள் வந்தன. ஊரே வேலை இழந்து நிற்கும்போது பளபளப் பையோடு தெருவில் நடக்கக் கூச்சம்.

பெட்டியே விளம்பரம் என்பது இவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சு பிராண்டான எர்மேஸின் ஆரஞ்சு நிறப் பெட்டியை வீதிக்கு அந்தப் பக்கமிருந்தே கண்டுபிடிக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது வழக்கமான நிறத்தில் அட்டை கிடைக்காமல், கிடைத்த ஆரஞ்சு அட்டையை வைத்துச் சமாளித்ததிலிருந்து அந்த நிறம் ஒட்டிக்கொண்டது என்பார்கள். ரயிலில் ஊருக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை: பெட்டியைக் கடையிலேயே தட்டையாக மடித்துத் தரச் சொல்லுங்கள், பொருளைத் துணி உறையோடு உங்கள் துணிமணிப் பைக்குள் வையுங்கள். பின்னாளில் விற்க நினைத்தால் பெட்டி இருந்தால் விலை கூடும், அதனால் அதைத் தூக்கிப் போட வேண்டாம்.

கூரியரில் அனுப்பச் சொன்னால், அனுப்புபவர் பெயரில் பிராண்டின் பெயர் வருமா என்று முன்பே கேளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் காவலாளி செயலியில் "இன்னாரிடமிருந்து பார்சல்" என்று பதிந்தால், குடும்பத்தில் அந்தச் செயலி வைத்திருக்கும் எல்லோருக்கும் அறிவிப்பு போகும்.

இவ்வளவு பெரிய பிராண்டிடம் விவரம் பத்திரமாகத்தானே இருக்கும்?

2025ஆம் வருடம் இந்த நம்பிக்கையை நன்றாகவே உடைத்தது. டியோர், கார்ட்டியே, லூயி விட்டான் என வரிசையாகக் கஸ்டமர் விவரம் கசிந்த செய்திகள் வந்தன. லூயி விட்டான் விஷயத்தில் ஹாங்காங்கில் மட்டும் சுமார் 4,19,000 பேரின் விவரம் பாதிக்கப்பட்டது. செப்டம்பரில் கூச்சி, பலென்சியாகா, அலெக்சாண்டர் மெக்வீன் ஆகியவற்றின் தாய் நிறுவனமான கெரிங் தன் கஸ்டமர் விவரங்களும் திருடு போனதை ஒப்புக்கொண்டது.

வங்கிக் கார்டு எண் போகவில்லை என்று கெரிங் சொன்னது. எனக்கு அது பெரிய ஆறுதலாகப் படவில்லை. பெயர், போன், முகவரியோடு சேர்ந்து, ஒவ்வொருவரும் எவ்வளவு செலவழித்தார் என்ற எண்ணும் போயிருந்தது. கார்டு எண் போனால் கார்டை மாற்றிவிடலாம். எந்த வீட்டில் விலை உயர்ந்த பொருள் இருக்கிறது என்ற பட்டியல் போனால் எதை மாற்றுவது? மேலே சொன்னேனே, ஷாம்பெய்ன் தருவதா தண்ணீர் தருவதா என்று முடிவு செய்யும் எண், அது இதுதான். கடைக்கு அது மரியாதைக் கணக்கு, திருடனுக்கு வழிகாட்டி.

உங்களுக்கு அப்படி ஒரு கடிதமோ மின்னஞ்சலோ வந்தால், அதில் உள்ள இணைப்பைத் தட்ட வேண்டாம். கடையை நேரடியாக அழைத்து உங்கள் பதிவில் எது எது போயிற்று என்று கேளுங்கள். அடுத்த சில மாதம் "உங்கள் பை சுங்கத்தில் மாட்டியிருக்கிறது, வரி கட்டுங்கள்" என்பது போன்ற அழைப்பு வரலாம். நீங்கள் வாங்கிய பொருளின் பெயரைச் சரியாகச் சொல்லிப் பேசினாலும் நம்ப வேண்டாம். அந்தப் பெயர் அவர்களுக்குக் கிடைத்ததே அங்கிருந்துதான்.

என் விவரத்தை அழித்துவிடச் சொல்ல முடியுமா?

சொல்லலாம். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. கடைகளைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பகுதிகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் முழுமையாக நடைமுறைக்கு வருகின்றன. அப்போது முதல், எதற்காக என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், கொடுத்த சம்மதத்தைக் கொடுத்த அளவு சுலபமாகத் திரும்பப் பெற முடிய வேண்டும், என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி வரை போகும்.

ஐரோப்பியப் பின்னணி கொண்ட பிராண்ட்களுக்கு இது புதிதில்லை. அங்கே 2018 மே 25 முதல் இதைவிடக் கடுமையான சட்டம் இருக்கிறது. அதனால் காத்திருக்காமல் இப்போதே பிராண்டின் இணையதளத்தில் தனியுரிமைப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு எழுதுங்கள். "என் விவரத்தை அழிக்கவும்" என்று மொட்டையாக எழுதாமல், முதலில் "என்னைப் பற்றி வைத்திருக்கும் எல்லாவற்றின் நகலையும், ஊழியர் எழுதிய குறிப்புகளையும் சேர்த்து அனுப்பவும்" என்று கேளுங்கள். நகல் வந்த பிறகு அழிக்கச் சொல்லுங்கள். குறிப்பையும் காட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் எழுதுகிற கை கொஞ்சம் யோசிக்கும்.

வரிச் சட்டத்துக்காக வைத்திருக்க வேண்டிய பில் விவரத்தை மட்டும் அழிக்க மாட்டார்கள். அதை எதிர்பார்க்கவும் கூடாது.

எதையும் கொடுக்காமல் இருந்தால் எனக்கு என்ன நஷ்டம்?

கொஞ்சம் நஷ்டம் உண்டு, மறைக்கவில்லை. பழுது பார்க்கும்போது பில்லைக் காட்ட வேண்டியிருக்கும், தொலைத்தால் கஷ்டம். குறைவாகத் தயாராகும் பொருளுக்குக் காத்திருப்போர் வரிசையில் இடம் கிடைக்காது. எர்மேஸின் பிர்கின் பையை எட்ட வேண்டுமென்றால் அதற்கு முன் வேறு பொருட்களை வாங்கச் சொல்கிறார்கள் என்று 2024ல் கலிஃபோர்னியாவில் வழக்கே போட்டார்கள். நிறுவனம் அதை மறுத்தது. நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. வழக்கு எப்படி முடிந்தாலும், உங்களைத் தெரிந்த ஊழியர் உங்களுக்காக ஒரு பொருளை எடுத்து வைப்பார் என்பது தொழிலில் எல்லோரும் அறிந்தது. தெரியாத முகத்துக்கு எடுத்து வைக்க மாட்டார்.

ஒரு பர்ஸ், ஒரு பெல்ட் வாங்குகிறவருக்கு இது எதுவும் பொருட்டில்லை. வருடா வருடம் வாங்குகிறவர்கள், அதற்கென்றே தனி மின்னஞ்சலும் தனி நம்பரும் வைத்துக்கொண்டால் போதும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

பாரிஸ் போகிறேன். அங்கே வாங்கினால் யாருக்கும் தெரியாதுதானே?

அங்கேதான் பாஸ்போர்ட்டையே நீட்ட வேண்டும். மூன்று நாளுக்குள் ஒரே கடையில் மொத்தம் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் வரியைத் திரும்பப் பெறலாம். அதற்குக் கடை உங்கள் பாஸ்போர்ட் விவரத்தைப் படிவத்தில் ஏற்றும். விமான நிலையத்தில் உள்ள பாப்லோ என்ற சுங்க இயந்திரத்தில் அதை முத்திரையிட வேண்டும். வேண்டாம் என்றால் வரியை விட்டுவிட்டுப் பெயர் சொல்லாமல் வாங்கலாம். 2,000 யூரோ பைக்கு அந்தப் பெருமையின் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எர்மேஸில் தோல் பொருள் வேண்டுமென்றால், பாரிஸ் கடைகளில் நேரம் கேட்டு இணையத்தில் பதியும்போதே அடையாள ஆவண எண்ணைக் கேட்பார்கள். ரொக்கமாகக் கொடுப்பதற்கும் வரம்பு உண்டு: பிரான்சில் வரி கட்டுபவர்களுக்கு 1,000 யூரோ, வெளிநாட்டுப் பயணிகளுக்கு 15,000 யூரோ.

வாங்கிய அன்றே ஓட்டல் சன்னலோரம் பையை வைத்துப் படம் போட வேண்டாம். 2016 அக்டோபரில் பாரிஸில் அமெரிக்கப் பிரபலம் கிம் கர்தாஷியனின் அறைக்குள் புகுந்து நகைகளைக் கொள்ளையடித்தவர்களுக்கு, அவர் சமூக ஊடகத்தில் போட்ட பதிவுகள் உதவின. ஊருக்குத் திரும்பிய பிறகு போடலாம், பை எங்கும் ஓடிவிடாது.

சென்னையில் இறங்கும்போது இன்னொரு வாசல் இருக்கிறது, சுங்கம். விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு, பழைய பை மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு, வரி கட்ட எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நடந்தால் தெரியாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பாரிஸில் வரியைத் திரும்பப் பெற்ற படிவம் உங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கும். சுங்க அதிகாரிக்கு அந்த ஒரு தாள் போதும். இலவச வரம்புக்கு மேல் இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, வரியைக் கட்டி, ரசீதை வாங்கி வையுங்கள். அடுத்த பயணத்துக்கு அதே பையைக் கொண்டுபோய்த் திரும்பும்போது அந்த ரசீது வேண்டியிருக்கும்.